வாடகைக்குக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெறுதல்: வழக்குக்கு முன்னர் செய்ய வேண்டியவை

மூன்று கிழமை லீவில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறார் ஒருவர். கோயில் திருவிழாவுக்கும் சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கும் இடையில் ஒரே ஒரு நாளை வீட்டுப் பிரச்சினைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார். பொலித்தீன் பையொன்றில் பழைய உறுதி, தகப்பனாரின் மரணச் சான்றிதழ், மங்கிப்போன சில பற்றுச்சீட்டுகள். சட்டத்தரணியின் அலுவலகத்தில் அமர்ந்ததும், "வீடு எங்கட பேரில தான் சேர், உறுதி இருக்கு. ஆளை எழுப்ப வேணும்" என்கிறார். சட்டத்தரணி உறுதியைக் கையில் வாங்கவில்லை. "அவர் உங்கட வீட்டுக்குள்ள எப்படி வந்தவர்?" என்று கேட்கிறார்.

வடக்கு கிழக்கின் நீதிமன்ற வாசல்களில் திரும்பத் திரும்ப நடக்கும் காட்சி இது. வீட்டுக்காரர் உறுதியைப் பெரிதாக நினைக்கிறார். ஆனால் வழக்கின் வடிவத்தைத் தீர்மானிப்பது, குடியிருப்பவர் எந்த உரிமையில் உள்ளே வந்தார் என்பதும் அதை எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதும்தான். இந்தக் கேள்விக்குப் பிழையான பதிலை எழுதித் தொடுத்த வழக்குகள், பல வருடங்கள் இழுபட்ட பின்னர் தள்ளுபடியாகியிருக்கின்றன.

வாடகையா, ஒற்றியா, "பார்த்துக்கொள்ளுங்கோ"வா?

எங்கள் பகுதிகளில் ஒருவர் மற்றவரின் வீட்டில் இருப்பதற்குப் பல வழிகள் உண்டு. மாத வாடகைக்கு வந்தவர் வாடகைக்காரர். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதி வந்தவர் குத்தகைக்காரர். பணம் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பவர் ஒற்றிக்காரர். தேசவழமைச் சட்டம் நன்கறிந்த ஒற்றி இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஒற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அவரை எழுப்ப முடியாது. அவரை வாடகைக்காரர் என்று எழுதி வழக்குப் போட்டால் அது முதல் நாளிலேயே ஆட்டம் காணும்.

நான்காவது வகைதான் எங்களிடம் அதிகம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையானபோதும், அதற்கு முன்னும் பின்னும் குடும்பங்கள் வெளிநாடு போனபோதும், "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ, நாங்கள் வந்து பார்ப்பம்" என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் வாடகை இல்லை, கடிதமும் இல்லை. சட்டத்தில் இவர் வாடகைக்காரர் அல்லர், உங்கள் அனுமதியின் பேரில் இருப்பவர். அனுமதியை எழுத்தில் மீளப் பெற்ற பின்னரே அவர் இருப்பது சட்டவிரோதமாகிறது.

ஐந்தாவது, யாரும் சொல்லாமல் பூட்டை உடைத்து அல்லது வெறும் வீடென்று புகுந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகள் பலவற்றில் அவர்கள் திரும்பி வந்தபோது வேறு குடும்பங்கள் இருந்தன. அந்தக் குடும்பங்களில் சிலவும் வேறிடத்திலிருந்து துரத்தப்பட்டவைதான். படையினர் வசம் உள்ள வீடுகளின் கதை வேறு, அதற்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

இந்தப் பிரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? அத்துமீறி இருப்பவருக்கு எதிராக உங்கள் உரித்தை அடிப்படையாக வைத்து வழக்குத் தொடுத்தால், அந்த உரித்தை நீங்கள் முழுமையாக நிரூபிக்க வேண்டும். எதிராளி ஒன்றும் நிரூபிக்கத் தேவையில்லை. உறுதித் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், நில அளவைப் படத்தில் வளவு சரியாக அடையாளம் காணப்படாவிட்டாலும் வழக்குத் தோற்கலாம். ஆனால் வாடகைக்காரருக்கு எதிரான வழக்கில் நீங்கள் நிரூபிக்க வேண்டியது வாடகை ஒப்பந்தத்தையும் அது முறையாக முடிக்கப்பட்டதையும் மட்டுமே. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவின்படி, வாடகைக்கு வந்தவர் வாடகை தொடங்கும்போது வீட்டுக்காரருக்கு அந்த வீட்டில் உரித்து இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. உரிமையாளரின் அனுமதியில் உள்ளே வந்தவருக்கும் இதே விதிதான். உரித்தைப் பற்றிச் சண்டை பிடிக்க விரும்பினால் முதலில் வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியே நின்று வழக்காட வேண்டும்.

இடப்பெயர்வில் உறுதிகளை இழந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். பெட்டியோடு உறுதி எரிந்து போனாலும், அந்த மனிதர் உங்கள் தகப்பனாருக்கு வாடகை கட்டியதற்கான நான்கு பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகள் கையில் இருந்தால் வழக்கு நிற்கும். ஆகவே உறுதியைத் தேடி அலைவதற்கு முன், வாடகையைத் தேடுங்கள்.

வாடகைக்கு என்ன சாட்சி?

பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வந்த பணம், குடியிருப்பவர் எழுதிய கடிதம், வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ "அண்ணை, இந்த மாச வாடகை அடுத்த கிழமை போடுறன்" என்று அனுப்பிய செய்தி எல்லாமே உதவும். ரெலிபோனில் உள்ள செய்திகளை அழிக்க வேண்டாம். அந்த ரெலிபோனையே மாற்றி விற்றுவிடவும் வேண்டாம். திரைப்படம் எடுத்து வைத்தாலும், மூலச் செய்தி இருக்கும் கருவி பிறகு கேட்கப்படலாம். வாடகையை உங்களுக்காக வாங்கி வந்த அயலவர் அல்லது உறவினர் ஒருவர் இருந்தால் அவர்தான் உங்கள் முக்கிய சாட்சி. அவருக்கு எழுபது வயதென்றால் வழக்கைத் தள்ளிப் போடாதீர்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதை யார் எழுதினார்கள் என்று பாருங்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கிய தாளில் இரண்டு சாட்சிகளுடன் எழுதிய "இரண்டு வருட ஒப்பந்தம்" குத்தகையாகச் செல்லாது. ஆனால் குடியிருந்து மாத வாடகை கட்டியிருந்தால் அது மாத வாடகையாகக் கொள்ளப்படும். எனவே அந்தத் தாளைக் கிழித்து எறிய வேண்டாம். வாடகைத் தொகைக்கும் தொடங்கிய திகதிக்கும் அது தடயம்.

நொத்தாரிசு எழுதிய குத்தகை கையில் இருப்பவர்களுக்கு இப்போது ஒரு குறுக்கு வழி உண்டு. குத்தகைக்கு விடப்பட்ட வளவுகளின் உடைமையை மீளப் பெறுவதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், மாவட்ட நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசியுடன் சுருக்க நடைமுறையில் வழக்குத் தொடர இடமளிக்கிறது. நீதிமன்றம் முதலில் நிபந்தனைக் கட்டளையை வழங்கும். எதிராளி காரணம் காட்டி நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால்தான் வழக்காட முடியும். இனிமேல் வீட்டைக் கொடுக்கப் போகிறவர்கள் நொத்தாரிசுக்குச் செலவழிக்கும் பணத்தை வீண் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

வாடகைச் சட்டம் பொருந்துமா?

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குப் பலத்த பாதுகாப்பைக் கொடுக்கும் சட்டம். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. 1977 லும் 1980 லும் கொண்டுவரப்பட்ட திருத்தங்களால் பிற்காலத்தில் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகள் பொதுவாக அதற்கு வெளியே நிற்கின்றன. பழைய கல்வீடுகளிலும், நகரத்துப் பழைய கடைகளிலும்தான் சிக்கல். வீடு எப்போது கட்டப்பட்டது, எப்போது முதன்முதலில் வாடகைக்கு விடப்பட்டது, உள்ளூராட்சி மன்றப் பதிவேட்டில் ஆண்டுப் பெறுமதி என்ன என்ற மூன்றையும் மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டு எழுத்தில் எடுங்கள். போரில் இடிந்து மீளக் கட்டிய வீடென்றால் கட்டட அனுமதியையும் வீட்டுத் திட்டக் கோவையையும் தேடி எடுக்க வேண்டும். "எப்போது கட்டப்பட்டது" என்ற கேள்வி அங்கே விவாதமாகும்.

சட்டம் பொருந்தும் வீடென்றால் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று இல்லாமல் ஆளை எழுப்ப முடியாது. வாடகை நிலுவை, வீட்டுக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ வீடு நியாயமாகத் தேவைப்படுதல், வீட்டைப் பழுதாக்குதல், அயலவருக்குத் தொந்தரவு, அனுமதியின்றி வேறொருவருக்குக் கொடுத்தல் என்பன வழமையாகச் சொல்லப்படும் காரணங்கள்.

நிலுவை என்ற காரணத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, அறிவித்தல் காலம் முடிவதற்குள் வாடகைக்காரர் முழு நிலுவையையும் கொடுக்க முன்வந்தால் வழக்குக்குக் காரணம் இல்லாமல் போகும். மற்றது, அதிகாரமளிக்கப்பட்ட வாடகைக்கு மேல் நீங்கள் வாங்கி வந்திருந்தால் அந்த மேலதிகத்தை அவர் நிலுவையில் கழிக்கக் கேட்கலாம். பத்து மாதம் கட்டவில்லை என்று நீங்கள் போன வழக்கில், கணக்குப் பார்த்தால் நீங்கள்தான் அவருக்குக் கடன் என்றாகிவிடும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வாடகைக்காரர் வாடகையை உள்ளூராட்சி மன்றத்தில் கட்டச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு இடமளிக்கிறது. அங்கே கட்டினால் உங்களிடம் கட்டியதற்குச் சமம். வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு "ஐந்து வருடமாகச் சல்லிக்காசு வரவில்லை" என்று கோபப்படுவார். இங்கே சபைக் கணக்கில் பணம் கிடக்கும். அறிவித்தல் அனுப்புவதற்கு முன் சபைக்குப் போய்க் கேட்பது அரை நாள் வேலைதான்.

"எனக்கு வீடு தேவை" என்ற காரணத்தில் நீதிமன்றம் இரு பக்கத் தேவையையும் எடை போடும். உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா, நிரந்தரமாகத் திரும்பி வருகிறீர்களா, அவர் வேறு வீடு தேடினாரா என்றெல்லாம் கேள்வி வரும். வருடத்தில் ஒரு மாதம் வந்து நிற்பதற்காக என்று சொன்னால் அது பலவீனமான தேவை. வாடகைக்காரர் உள்ளே இருக்கும்போது வீட்டை விலைக்கு வாங்கியவருக்கு இந்தக் காரணத்தின் கீழ் வழக்கே கிடையாது. பெற்றோரிடமிருந்தோ வாழ்க்கைத் துணையிடமிருந்தோ முதுசமாக, நன்கொடையாக வந்திருந்தால் நிலைமை வேறு. பழைய வீட்டை "ஆளோடு" மலிவாக வாங்க நினைக்கும் வெளிநாட்டு உறவினர்களுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

அறிவித்தல் கடிதம்

வாடகைச் சட்டத்துக்கு வெளியே உள்ள மாத வாடகைக்கு ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது வாடகை மாதத்தின் முடிவோடு முடிய வேண்டும். 12 ஆம் திகதி கடிதம் எழுதி அடுத்த மாதம் 12 ஆம் திகதி வெளியேறச் சொல்வது பிழை. வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குவதானால், ஜூன் மாதத்துக்குள் கடிதம் கிடைக்கச் செய்து ஜூலை 31 இல் வீட்டைக் கேளுங்கள். வாடகைச் சட்டம் பொருந்தினால் ஒரு மாதம் போதாது. சொல்லும் காரணத்தைப் பொறுத்துப் பல மாதங்கள் கொடுக்க வேண்டும். எது பொருந்தும் என்பதில் சந்தேகம் இருந்தால் நீண்டதைக் கொடுப்பதே நல்லது. அதிக காலம் கொடுத்ததற்காக வழக்குத் தோற்காது. குறைவாகக் கொடுத்தால் தோற்கும்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு ஊசியால் குத்தி வையுங்கள். வாடகைக்காரர் இறந்து மனைவியோ பிள்ளையோ தொடர்ந்து இருந்தால், வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை அவர்களுக்குச் செல்லும் வழி உண்டு. இறந்தவர் பெயரில் கடிதம் அனுப்பிப் பயனில்லை. அதுபோல வீட்டுக்காரர் இறந்து பிள்ளைகளுக்கு வீடு வந்திருந்தால், இனி வாடகையை யாரிடம் கட்ட வேண்டும் என்று முதலில் குடியிருப்பவருக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிறகே அடுத்த படி.

கடிதம் போன பின்னர் பணம் வாங்குவதில் கவனம் வேண்டும். அறிவித்தல் முடிந்த பிறகும் வழமைபோல "வாடகை" என்று பற்றுச்சீட்டு எழுதினால், நீங்கள் வாடகையைத் தொடரச் சம்மதித்தீர்கள் என்று எதிர்ப்பக்கம் வாதிடும். உரிமைக்குப் பங்கமின்றி, நட்டஈட்டுக் கணக்கில் பெற்றதாக எழுதிக் கொடுக்கச் சட்டத்தரணி சொல்லித் தருவார். எழுத்தில்லாத வாடகையின் நிலுவையைக் கேட்க 3 ஆண்டுதான் காலவரையறை. பத்து வருட நிலுவை என்று எழுதி மனதை ஆற்றலாம், பெற முடியாது.

கடிதத்துக்கு வரும் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். "நான் உங்கட வாடகைக்காரன் இல்லை, இது என்ர வீடு" என்று பதில் வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் வாடகையையே மறுப்பவருக்கு வாடகைக்காரருக்குரிய அறிவித்தலும் பாதுகாப்பும் கேட்க இடமில்லை என்பது எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு. நீங்கள் வாடகையை நிரூபித்தால் போதும்.

யார் வழக்காளி?

யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பகுதி சீதன வீடுகள். உறுதி மனைவி பெயரில். வாடகை பேசியதும் வாங்கியதும் கணவர். வாடகை ஒப்பந்தத்தில் வழக்கென்றால் ஒப்பந்தம் யாரோடு நடந்தது என்று பார்க்க வேண்டும். உரித்து வழக்கென்றால் மனைவி வழக்காளி. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாள்வதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம். காலத்துக்கு ஒவ்வாத விதி என்று பெண்கள் அமைப்புகள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. எனவே கணவரையும் வழக்கில் சேர்ப்பதே பாதுகாப்பு.

கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? அதே சட்டம், கணவரின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அவரது சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்க வழி செய்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத மனைவிமார் உண்டு. எடுக்கும்படி யாரும் அவர்களை வற்புறுத்தவும் கூடாது. 2016 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறலாம். அந்தச் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெற்று, பிறகு வீட்டு வழக்கைத் தொடங்குவது ஒரு ஒழுங்கான வழி. சில மாதங்கள் கூடுதலாகும். ஆனால் எதிர்ப்பக்கம் "இவருக்கு வழக்குத் தொடர உரிமையில்லை" என்று எழுப்பும் ஆட்சேபத்தில் வருடங்கள் போவதைவிட அது மேல்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புகிறார்கள். இலங்கைத் தூதரகத்திலோ உயர்ஸ்தானிகராலயத்திலோ கையொப்பமிட்டு, இங்கே முறைப்படி பதிவு செய்யுங்கள். "என் காணியைப் பார்த்துக்கொள்ள" என்று மட்டும் எழுதினால் போதாது. வாடகையை முடிக்க, அறிவித்தல் அனுப்ப, வழக்குத் தொடர, சமரசம் செய்ய, உடைமையைப் பொறுப்பேற்க என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். விற்கும் அதிகாரத்தை அதே பத்திரத்தில் சேர்க்காதீர்கள். வாடகைக்காரரை எழுப்பக் கொடுத்த தத்துவத்தில் காணி விற்கப்பட்ட குடும்பங்கள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன.

வன்னியில் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்கள் காணி பெர்மிட் காணியா என்று முதலில் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை அனுமதியின்றி மற்றவருக்குக் கொடுப்பது பெர்மிட்டின் நிபந்தனையை மீறுவதாகும். வாடகை வழக்குப் போடப் போய் உங்கள் பெர்மிட்டே கேள்விக்கு உள்ளாகலாம். பிரதேச செயலகக் காணிக் கிளையில் உங்கள் கோவையின் நிலையைத் தெரிந்துகொண்ட பிறகே சட்டத்தரணியிடம் போங்கள். போர்க்காலத்தில் அரச பதிவுக்கு வெளியே எழுதிய கைமாற்றங்களும் நீதிமன்றத்தில் உரித்தாக ஏற்கப்படுவதில்லை.

ஆட்சியுரிமை என்னும் கத்தி

வாடகை இல்லாமல், தாள் எதுவும் இல்லாமல், அனுமதியில் இருத்தப்பட்டவர் விடயத்தில்தான் காலம் எதிரியாகிறது. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி 10 ஆண்டுகள் எதிரிடையாக ஆண்டவர் உரித்துக் கோரலாம். அனுமதியில் வந்தவருக்கு அந்தப் பத்து ஆண்டு தானாக ஓடாது. வெளிப்படையான ஒரு செயலால் அவர் உங்கள் உரித்தை மறுத்த நாளிலிருந்தே ஓடும். ஆனால் அவர் அனுமதியில்தான் வந்தார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். திறப்பைக் கொடுத்த அம்மம்மா இப்போது உயிரோடு இல்லை. மின்சாரக் கணக்கு அவர் பெயரில், வாக்காளர் பட்டியலில் அவர் குடும்பம், சோலைவரிப் பற்றுச்சீட்டும் அவர் கையில்.

உரிமை மறுக்கப்பட்ட நேரத்தில் நீங்கள் கடல் கடந்து இருந்திருந்தால், அல்லது உரிமையாளர் வயது குறைந்த பிள்ளையாக இருந்திருந்தால், அந்தக் காலம் கணக்கில் வராதபடி 13 ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் ஓடத் தொடங்கிய காலம், பிறகு வெளிநாடு போனதால் நிற்காது. 30 ஆண்டு தொடர்ந்த எதிரிடை ஆட்சிக்கு முன்னால் இந்தப் பாதுகாப்பும் இல்லை. 1995 இடப்பெயர்வோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆட்சிக்கு 2025 உடன் 30 ஆண்டு நிறைவடைகிறது என்பதைக் கவனியுங்கள். போரினால் உரிமையைத் தொடர முடியாமல் போனவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதபடி ஆட்சியுரிமை விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2016 இல் வந்தது. வழக்குத் தொடர அது கொடுத்த காலம் இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டும் பலரின் காதுக்கு எட்டாமலே கடந்துவிட்டன.

எனவே, இன்றைக்கு வழக்குப் போடும் எண்ணம் இல்லாதவர்களும் ஒன்றைச் செய்யலாம். உறவு நல்லபடி இருக்கும்போதே, "உங்கள் அனுமதியில் இருக்கிறேன், கேட்கும்போது ஒப்படைப்பேன்" என்று குடியிருப்பவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கையோடு காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் யாராவது ஆட்சி உறுதி எழுதிப் பதிந்திருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். தொலைந்த உறுதியின் பிரதியும் அங்கே கிடைக்கக்கூடும். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியும் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டியது.

செய்யக் கூடாதவை

பூட்டை மாற்றுவது, கிணற்று மோட்டரின் வயரைக் கழற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது, நாலு பெடியளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமானை வெளியே எடுத்து வைப்பது. பொலிஸுக்கு முறைப்பாடு போனால் அது 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன் வரும். அங்கே உறுதி யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். யார் ஆட்சியில் இருந்தார், முந்தைய இரண்டு மாதத்துக்குள் யார் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்பதே கேள்வி. அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை வரும். அதன் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் தொடுக்கும் வழக்கில், கட்டளையைக் காட்டி அவர் உங்களை அடாவடிக்காரர் என்பார்.

வழக்கும் இணக்கமும்

வழக்கு வளவு இருக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கும். பெறுமதியைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் பெற வேண்டி வரலாம். சாட்சிகளையும் ஆவணங்களையும் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாததைப் பிறகு நுழைப்பது கடினம். அந்தப் பொலித்தீன் பையை முதல் நாளே முழுமையாகக் கொட்டிக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். உங்களுக்குப் பாதகமான தாளையும் காட்டுங்கள். அது எதிர்ப்பக்கத்தின் கையிலும் இருக்கும். செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடலாம். குடியிருப்பவரும் நாடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த வழக்குகளில் நல்லபடி முடிபவை பல, தீர்ப்பினால் அல்லாமல் இணக்கத்தினால் முடிகின்றன. எதிரே நிற்பவர் பல சமயங்களில் வலிகாமம் வடக்கிலோ வேறு எங்கோ தன் வீட்டை இழந்து வந்தவர். அவருடைய பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுத இன்னும் எட்டு மாதம் இருக்கலாம். வாய்ப்பேச்சில் "ஒரு வருசம் இருங்கோ" என்று சொல்லாமல், நீதிமன்றத்திலேயே சம்மதத் தீர்வாகப் பதிவு செய்யுங்கள்: இன்ன திகதியில் ஒப்படைப்பார், அதுவரை மாதம் இவ்வளவு கட்டுவார், தவறினால் மேலும் விசாரணையின்றி வெளியேற்றும் ஆணை எடுக்கலாம் என்று. சம்மதத் தீர்வுக்கு எதிராக மேன்முறையீடு போவது எளிதல்ல. வாதாடிப் பெற்ற தீர்ப்பென்றால் மேன்முறையீடு முடியும்வரை காத்திருக்க நேரலாம். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே ஆணையை நிறைவேற்றக் கேட்பதற்கு வேறு விண்ணப்பம், வேறு தவணை.

ஆணை கிடைத்து பிஸ்கால் உத்தியோகத்தர் வரும் நாளில் நீங்களோ உங்கள் அற்றோணியோ அங்கே நிற்க வேண்டும். புதிய பூட்டு கொண்டு போங்கள். அறை அறையாகப் படம் எடுங்கள், மின்சார, தண்ணீர் மீற்றர் அளவுகளைக் குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். அவர் விட்டுப் போகும் சாமான்களை ஒரு பட்டியலில் எழுதி இரு பக்கமும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். பிஸ்கால் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கையின் பிரதியையும் கேட்டு எடுத்து, உறுதியோடு சேர்த்து வையுங்கள்.